காப்பீட்டு அட்டை இருந்தும் 90,800 ரூபாய் கட்டிய கதை

2023 அக்டோபரில் என் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. வீட்டுப் பீரோவில், அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு அடியில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பத்திரமாக இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று எல்லோரும் சொல்கிற அதே அட்டைதான். அப்படியிருந்தும் பதினோரு நாட்களில் 90,800 ரூபாய் கட்டினேன். அம்மா இன்று நடமாடுகிறார், அதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கட்டாமலே அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் புரிந்திருக்கும் விஷயங்கள் இவை.

நாங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் ஒரு அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 9,000 ரூபாய். மொத்தமே ஏழு பேர் வேலை செய்கிற இடம் என்பதால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கிடையாது, பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு இந்த அட்டைதான். அப்பா இருந்தபோது எடுத்தது. அவர் 2019இல் இறந்த பிறகு நாங்கள் அதைத் தொடவே இல்லை.

அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரிடம்தான் பதினேழு வருடம் பார்த்தோம். ஐம்பது ரூபாயில் தொடங்கி நூறு ரூபாய் வரைதான் வாங்கினார். இல்லாத மாதங்களில் கேட்கவே மாட்டார். அம்மா உள்ளே நுழையும்போதே முகத்தைப் பார்த்து, “நேற்றுக் கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டுவிடுவார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அன்று அழுதன. ஒரு டாக்டர் போனதை ஒரு துக்கமாக மட்டுமே நினைத்தோம். எங்கள் உடம்பின் வரலாறு தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்பது எனக்கு இரண்டரை வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அவருக்குப் பிறகு அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்தேன். அரசாங்கக் காப்பீட்டை ஏற்றுக்கொள்கிற ஒரு குடும்ப டாக்டர் எங்காவது இருப்பார் என்று நம்பினேன். ஆறு இடங்களில் கேட்டிருப்பேன். நான்கு இடங்களில் அட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை. ஐந்தாவது இடத்தில் வரவேற்பறையில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஆபரேஷன் மாதிரி பெரிய சிகிச்சைக்குத்தான் அக்கா, மாதா மாதம் பார்க்கிறதுக்கு இல்லை” என்றாள். ஏழைகளை விரட்டுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டு கண் கலங்கி வெளியே வந்தேன். உண்மையில் அந்த ஆறு பேரில் சரியான தகவல் சொன்னவள் அவள் ஒருத்திதான். இந்தத் திட்டம் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் அறுவைச் சிகிச்சைகளுக்கும், பட்டியலில் உள்ள மருத்துவச் சிகிச்சைகளுக்கும், குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் பணம் கொடுக்கிறது. சர்க்கரைக்கு மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்ப்பதற்கோ, மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவதற்கோ அது கொடுப்பதில்லை. தெருமுனைக் கிளினிக்கில் இந்த அட்டையை நீட்டுவதில் பயனே இல்லை. அப்படியானால் அன்றாட வைத்தியத்துக்கு எங்கே போவது என்ற அடுத்த கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

பிறகு ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். பார்ப்பதற்கு 300, மாத்திரைக்கு 1,150 என்று மாதம் 1,450 ரூபாய். என் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டு, ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு ஓட்டியிருக்கிறார். எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று. இது எனக்குத் தெரியவந்தது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் மாதக் கடைசியில் மாத்திரை எவ்வளவு மீதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. தாடையிலும் இடது தோளிலும் ஒரு கனம். மேல் வயிற்றில் அடைத்த மாதிரி. நான் ஆறரைக்கு வேலை முடிந்து வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “ஒன்றும் இல்லை தாயி, வாய்வுதான்” என்றார். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பிறகு சோடா வாங்கிக் கொடுத்தேன். பூண்டு சுட்டுக் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு அவர் மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் ஆட்டோவைக் கூப்பிட ஓடினேன். ஐந்து மணி நேரம் வீணாகியிருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற அளவு வலி இல்லாமலே போகலாம். வியர்வை, மூச்சிரைப்பு, தாடை வலி, செரிக்காத உணர்வு என்று சாதாரணமாகத்தான் தெரியும். பழைய டாக்டர் இருந்திருந்தால் நான்கு மணிக்கே ஒரு போன் போட்டிருப்போம். “வாய்வு இல்லை, உடனே கிளம்பு” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். எங்களுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் திட்டம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. 108 ஆம்புலன்ஸும் என் நினைவுக்கு வரவில்லை. பதற்றத்தில் ஆட்டோதான் தோன்றியது. 108 இலவசம், ஆக்சிஜன் இருக்கும், பயிற்சி பெற்றவர் ஒருவர் கூடவே வருவார். அவசரமான நேரத்தில் அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், உயிரைக் காப்பாற்றக்கூடிய இடத்துக்கு முதலில் போய்ச் சேருங்கள். அட்டையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த அவசரம் வருவதற்கு முன்பு வீட்டில் நிம்மதியாக இருக்கும் நாட்களில் செய்து வைக்க வேண்டியவை.

ஆட்டோக்காரர் எங்கள் பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை பெரிதாக மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கவுன்டரில், “முதலமைச்சர் காப்பீடு எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டேன். “எடுத்துக்கொள்வோம் அக்கா, முதலில் அட்மிஷன் போடுங்கள்” என்றார்கள். 10,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் எடுத்து மாரடைப்புதான் என்று சொன்னார்கள். மருந்து ஏற்றி அம்மாவின் நிலையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த இரவில் அவர்கள் செய்த வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் மதியம் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் அட்டையைக் கொடுத்தபோது அங்கிருந்த இளைஞர் அமைதியாகச் சொன்னார்: “எங்களுக்கு எலும்பு முறிவுக்கும் பொது அறுவைச் சிகிச்சைக்கும்தான் அனுமதி இருக்கிறது அக்கா. இதயத்துக்கு இல்லை. நீங்கள் மதுரைக்குத்தான் போக வேண்டும்.” அந்த ஒரு இரவுக்கும் அரைப் பகலுக்கும் பில் 38,400 ரூபாய்.

என் கேள்வியே தவறு. “காப்பீடு எடுப்பீர்களா?” என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. ஒரு மருத்துவமனை இந்தத் திட்டத்தில் சேரும்போது எல்லா நோய்களுக்கும் சேர்வதில்லை. எந்தெந்தச் சிறப்புப் பிரிவுக்கு வசதியும் டாக்டரும் இருக்கிறார்களோ அதற்கு மட்டும் அனுமதி பெறுகிறது. கண்ணுக்கு அனுமதி உள்ள இடத்தில் சிறுநீரகத்துக்கு இருக்காது. ஆகவே கேட்க வேண்டியது, “இந்த நோய்க்கு, இந்தச் சிகிச்சைக்கு, உங்களுக்குத் திட்டத்தில் அனுமதி உண்டா?” என்பதுதான். கவுன்டரில் கேட்பதோடு விடாமல், காப்பீட்டுத் தொடர்பு அலுவலர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாக மருத்துவமனைகளும் அவற்றின் பிரிவுகளும் இருக்கின்றன. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அந்த எண் என் அட்டையிலேயே அச்சாகியிருந்தது. பீரோவில் இருந்த எட்டு வருடத்தில் நான் அட்டையை ஒரு முறைகூடத் திருப்பிப் படித்ததில்லை.

வெள்ளிக்கிழமை இரவு 5,000 ரூபாய் கொடுத்துத் தனியார் ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போனோம். இந்த முறை தெளிவாகக் கேட்டேன். அந்த மருத்துவமனைக்கு இதயப் பிரிவில் அனுமதி இருந்தது. நிம்மதியாக அட்டையைக் கொடுத்தேன். கணினியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். குடும்பத் தலைவர் என்று அப்பாவின் பெயர் இருந்தது. அவர் இறந்த பிறகு ரேஷன் அட்டையை அம்மாவின் பெயருக்கு மாற்றியிருந்தோம், காப்பீட்டில் மாற்றவில்லை. ஆதாரில் அம்மாவின் பெயர் பாக்கியலட்சுமி, காப்பீட்டில் வெறும் பாக்கியம். ஆதார் எண்ணும் இணைக்கப்படவில்லை. “திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள், அதன் பிறகுதான் முன் அனுமதிக்கு அனுப்ப முடியும்” என்றார் தொடர்பு அலுவலர். முன் அனுமதி என்பது, சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவமனை நோயாளியின் பரிசோதனை அறிக்கைகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒப்புதல் வாங்குவது. அது வராதவரை நாம் பணம் கட்டுகிற நோயாளிதான்.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டிருந்தது மீட்டர். சனிக்கிழமை, இதய ரத்தக்குழாயில் எங்கே அடைப்பு என்று பார்க்கிற ஆஞ்சியோ எடுக்க 14,000 கட்டச் சொன்னார்கள். என் கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியை 95,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். அப்பா நெசவு நெய்து சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அடகுக் கடையிலிருந்து திரும்பி வரும்போது யாருடனாவது பேச வேண்டும் போல இருந்தது. பேச ஆள் இல்லை. வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு அம்மா, “கழுத்து வெறுமையாக இருக்கிறதே, வைத்துவிட்டாயா?” என்று கேட்டு என் தலையைத் தடவினார். அவர் மகனுக்குச் சிறுநீரகப் பிரச்சினை. எத்தனையோ முறை இதைப் பார்த்தவர் அவர்.

திங்கள்கிழமை காலை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை மையம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ரேஷன் அட்டையும் இருவரின் ஆதாரும் இருந்தன. வருமானச் சான்று புதியது வேண்டும் என்றார்கள். இந்தத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்தது. என் வருமானம் 1,08,000. தகுதி இருக்கிறது, தாள் இல்லை. அங்கிருந்து ஊருக்கு ஓடினேன். கிராம நிர்வாக அலுவலர் என் நிலைமையைக் கேட்டதும் எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அம்மா நேரில் வர முடியாததால் உள்நோயாளி என்று மருத்துவமனையில் கடிதம் வாங்கி வந்திருந்தேன். மாலை நாலரை மணிக்குப் பெயர் சரியாகி எண் கையில் கிடைத்தது. அந்த வேலையை வேறு எந்தத் திங்கள்கிழமை செய்திருந்தாலும் ஒரு நாள் சம்பளம் மட்டும்தான் போயிருக்கும். நான் செய்த திங்கள்கிழமைக்கு விலை நாலு நாள் தீவிர சிகிச்சைக் கட்டணம்.

உங்கள் அட்டையை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு இறப்போ, திருமணமோ, ரேஷன் அட்டையில் பெயர் மாற்றமோ நடந்திருந்தால் காப்பீட்டுப் பதிவும் மாறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவர் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துப்படி இருக்கிறதா என்று பாருங்கள். வயதான பெண்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் மிக அதிகம். வீட்டில் ஒரு பெயர், ஓட்டுச் சீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று நம் அம்மாக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சில நாட்கள் ஆகும், அந்த நாட்கள் உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு பொருட்டே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சரியான எண்ணோடு போய் நின்றபோது, திட்டத்தில் செய்யலாம், ஆனால் அனுமதி வந்து இடம் கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை அறைக் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். கூடவே, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கத் திட்டத்தில் பொருத்துகிற ஸ்டென்ட் என்கிற சிறு வலைக்குழாய் சாதாரணமானது, மேலே கொஞ்சம் கட்டினால் நல்லதாக வைக்கலாம் என்று ஒருவர் தனியாக அழைத்துச் சொன்னார். அந்த இடத்தில் எனக்குக் கை கால் நடுங்கியது. அம்மாவுக்கு மட்டமான பொருளை வைக்க எந்த மகள் சம்மதிப்பாள்? அந்தப் பயத்தைத்தான் அவர் தொட்டார். வெளியே வந்து உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திட்டத்தில் ஒப்புதலான சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது, கேட்டால் புகார் கொடுக்கலாம் என்றார். புகாரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடமும் கொடுக்கலாம் என்று பின்னால் தெரிந்தது. புகார் கொடுக்கிற நிலையில் அன்று நான் இல்லை. “அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதே திட்டத்தில் செய்கிறார்கள், போய்ப் பார்த்தீர்களா?” என்று அவர் கேட்டதுதான் என் கண்ணைத் திறந்தது. அரசு மருத்துவமனை இலவசம்தானே, அங்கே காப்பீடு எதற்கு என்று நான் நினைத்திருந்தேன். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. அட்டை வழியாக அவர்களுக்கும் பணம் போகிறது.

அன்றே பில்லைக் கட்டி, எழுதிக் கொடுத்த அத்தனை அறிக்கைகளையும் ஆஞ்சியோ சி.டி.யையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அம்மாவைக் கொண்டுபோனேன். அந்த சி.டி. கையில் இருந்ததால் ஆஞ்சியோவை மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த மருத்துவமனையை விட்டுக் கிளம்பினாலும் டிஸ்சார்ஜ் தாளோடு மட்டும் வராதீர்கள், எல்லாப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். அங்கே கூட்டம் அதிகம். வார்டில் சத்தம் அதிகம். நான் இரண்டு இரவு படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தூங்கினேன். ஆனால் வியாழக்கிழமை அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம்.

கணக்கு இதுதான். முதல் மருத்துவமனை 38,400. இரண்டாவது 41,700. இரண்டு முறை ஆம்புலன்ஸ் 6,500. பஸ், ஆட்டோ, சாப்பாடு, நகல் எடுத்தது 4,200. இதில் சேராதது பத்தொன்பது நாள் சம்பளமும் அடகு வட்டியும். கட்டிய பணத்தை ரசீது கொடுத்துத் திரும்பப் பெற முடியுமா என்று விசாரித்தேன். இது ரொக்கமில்லாத் திட்டம், மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையில்தான் பணம் நடக்கும், நோயாளி கட்டியதைத் திருப்பித் தர வழி இல்லை என்றார்கள். ஆகவே, கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பி நகையைக் கழற்றாதீர்கள். சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. வட்டி கட்டிக்கட்டி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது இராசாசி மருத்துவமனை டாக்டர், “வழக்கமாக யாரிடம் பார்க்கிறீர்கள்? அவருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை மறுபடி டாக்டர் தேட வைத்தது. இந்த முறை அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, பத்து நிமிட நடையில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். இத்தனை வருடம் தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடம். அங்கே தொற்றா நோய்களுக்கென்று தனிப் பதிவு இருக்கிறது. அம்மாவின் பெயரைப் பதிந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கையில் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்த்துவிட்டதால், தன்னார்வலர் ஒரு பெண் இப்போது வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மா அவருக்காக மோர் எடுத்து வைத்துக் காத்திருப்பார். 1,450 ரூபாய்க்காகப் பாதி மாத்திரை விழுங்கிய காலத்திலும் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் போய்விடும்.

அங்குள்ள மருத்துவ அலுவலர் இளம் பெண். முதல் தடவை முகம் கொடுத்துப் பேசவில்லை, எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்றாவது தடவை போனபோது அம்மாவின் பழைய நோட்டு, ஆஞ்சியோ அறிக்கை, மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வைத்துக் கொண்டுபோனேன். இருபது நிமிடம் உட்கார்ந்து படித்தார். இரண்டு மாத்திரைகள் ஒரே வேலையைச் செய்கின்றன என்று ஒன்றை நிறுத்தினார். காத்திருக்கும் நூறு பேரில் ஒருவராக இருக்கிற நம்மை ஒரு டாக்டர் நினைவில் வைத்துக்கொள்ள அந்தக் கோப்பு போதும். டாக்டர்கள் மாற்றலாகிப் போவார்கள், கோப்பு நம்மிடம் இருக்கும். இரவில் அவசரமாகக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக, ஓய்வுபெற்ற ஒரு அரசு டாக்டரிடமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 150 ரூபாய் கொடுத்துக் காட்டுகிறோம். அவரிடம் முதல் நாளே நான் கேட்டது ஒன்றுதான்: “அம்மாவுக்கு மறுபடி நெஞ்சில் ஏதாவது என்றால் இந்த அட்டைக்கு எங்கே போக வேண்டும், நீங்கள் கடிதம் எழுதித் தருவீர்களா?” அவர் யோசிக்காமல் மதுரையில் இரண்டு இடத்தைச் சொன்னார், ஒரு தாளில் அம்மாவின் நோய் விவரத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தின் உள்விவரம் நன்றாகத் தெரிகிறது. ஒரு டாக்டரைக் குடும்ப டாக்டராக வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய இப்போது நான் பார்ப்பது, இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் எரிச்சல் படுகிறாரா, உட்காரச் சொல்கிறாரா என்பதைத்தான்.

அந்தத் தாளின் நகலும், காப்பீட்டு எண்ணும், 108உம், 1800 425 3993உம் எங்கள் வீட்டுக் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கின்றன. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மிளகாய் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, தன் அட்டையையும் எடுத்து வந்தார். அவருடைய மகன் பெயர் அதில் இல்லை. பெரியப்பா பெயருக்கு முன்னால் உள்ள இனிஷியல் மாறியிருந்தது. அன்று இரவு கவுன்டரில் 10,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தவர் அவர். வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அது கைக்கு வந்ததும் ஒரு திங்கள்கிழமை அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அவரை விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.